மூன்றுவகைப் போட்டியும் ஒரு சோடி ரயரும்

உலக விளையாட்டு வரலாற்றை எழுத விரும்புவோர் கிரேக்கத்தில் தொடங்குவது பெரும் பிழை. அவர்கள் வன்னியிலுள்ள நாயாற்றில் தொடங்கவேண்டும். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை காலை, அங்குள்ள கடலேரிக் களப்பின் கரையில் பதினொரு பேர் அரைக் காற்சட்டையோடு நின்றோம். அதில் ஒருவன் நான். பெயர் மத்தேயு, வயது நாற்பத்தொன்று, தொழில் மீன்பிடி. சண்டையால் கடலுக்குப் போகமுடியாத காலம் என்பதால், அப்போதைக்குப் பிரதேச உடலுறுதி மேம்பாட்டுச் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் இல்லை. தேத்தண்ணீர் உண்டு.

சங்கத்தின் செயலாளர் மயில்வாகனம் ஐயா தூரநோக்குள்ளவர். நிவாரணப் பொதி ஒன்றைச் சுற்றிவந்த வெளிநாட்டுச் சஞ்சிகைத் தாளில், நீந்தி, சைக்கிள் ஓடி, அது முடியக் காலாலும் ஓடுகிற மனிதர்களின் படத்தை அவர் கண்டார். மற்றவர்கள் பொதிக்குள் பருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் தாளை வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்:

"எங்கட சனத்துக்கு உடற்பயிற்சி காணாது."

அந்தச் சனம் இரண்டு வருடத்தில் மூன்று தடவை இடம்பெயர்ந்து, ஆட்டுக்கல்லையும் தையல் மெசினையும் சுமந்து நடந்து வந்திருந்தது. ஆனால் அது 'முறையான' உடற்பயிற்சி இல்லை என்று ஐயா விளக்கினார். முதுகில் இலக்கம் குத்தவில்லை; ஓடி வந்தவர்களுக்கு ஒருவரும் நேரம் பிடிக்கவில்லை. எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முதலில் வைத்த பெயர் 'மும்முனைப் போட்டி'. ஒலிபெருக்கியில் "மும்முனை" என்ற சொல் கேட்டதும், ஆமி மும்முனையில் தாக்க வருகிறது என்று பக்கத்து ஊரான செம்மலையில் பாதிச் சனம் சட்டி பானையைக் கட்டிவிட்டது. அவசரக் கூட்டம் கூடி, 'மூன்றுவகைப் போட்டி' என்று திருத்தினோம். கட்டியதை அவிழ்க்கச் சொல்லி அறிவிக்க இன்னொரு கூட்டம் வைத்தோம்.

கூட்டம் என்றால் ஐயாவுக்கு நிகர் ஐயாதான். தர்மபுரத்தில் விளக்கக் கூட்டம், முள்ளியவளையில் ஆலோசனைக் கூட்டம், அந்த ஆலோசனையைப் பற்றி வற்றாப்பளையில் மீளாய்வுக் கூட்டம். எவ்வளவு தூரமானாலும் சைக்கிளிலேயே வருவார். எங்கள் சைக்கிள்கள் எல்லாம் கடகடவென்று ஊரை எழுப்பிக்கொண்டு வரும். அவருடையது மட்டும் சத்தமில்லாமல் வந்து நிற்கும். தலைமைத்துவம் என்பது இதுதான் என்று நான் குறிப்பிலும் எழுதினேன்.

நான் எதற்காகப் போட்டியில் சேர்ந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி யூலிற்றாவும் அதைத்தான் கேட்டாள்.

"உங்களுக்கென்ன விசரே? படியேறினாலே மூச்சு வாங்குது."

"முதல் பரிசு என்னெண்டு தெரியுமே? ஒரு சோடி புது சைக்கிள் ரயர்."

யூலிற்றா அகப்பையைக் கீழே வைத்தாள். களப்பில் பிடிக்கும் இறாலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முள்ளியவளைக்குப் போய், அரிசியாக மாற்றி வருபவள் அவள்தான். அந்தச் சைக்கிளின் பின் ரயருக்குள் பழைய ரயர்த் துண்டு வைத்து, வெளியே வலை நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தேன். பொருளாதாரத் தடையால் கடைகளில் ரயரைக் கண்டு வருடக் கணக்கு. ஓர் அன்பர் வவுனியாவில் ஆமியிடம் அனுமதி எடுத்துக் கொண்டுவந்து சங்கத்துக்கு அன்பளித்த சோடிதான் இந்தப் பக்கத்தில் ஒரே சோடி.

"அப்பிடியெண்டால் ஓடுங்கோ," என்றாள் யூலிற்றா. "விழுந்தாலும் முன்னுக்கு விழுங்கோ."

போட்டி நாள் வந்தது. ஐயா சிறப்புரை ஆற்றினார். களப்பில் தண்ணீர் கொஞ்சம் வற்றும் அளவுக்கு ஆற்றினார். பிறகு விசிலை வாயில் வைத்து ஓங்கி ஊதினார்.

அடுத்த கணம் கரையில் ஓர் ஆள் நிற்கவில்லை. வன்னியில் விசில் ஊதினால் குண்டு போடப் பொம்பர் வருகிறது என்று அர்த்தம். மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வீரர்கள் பதினொரு பேரும் குப்புற விழுந்தோம். பார்வையாளர்கள் பங்கருக்குள் இறங்கினார்கள். ஊதியவர் தான்தான் என்பதை மறந்து, எல்லோருக்கும் முந்திப் பங்கருக்குள் போனவர் ஐயா. எங்கள் சங்கம் எடுத்த நேரக்கணிப்பில் அன்று பதிவான ஆகச் சிறந்த வேகம் அதுவே.

வானத்தில் ஒன்றும் இல்லை என்று எல்லோரையும் நம்பவைக்க அரை மணித்தியாலம் சென்றது. கோயில் மணியை அடிப்போமா என்று ஒருவர் கேட்டார். அதற்கும் இதே அர்த்தம்தான். எப்படித் தொடங்குவது என்று ஆராயக் கரையிலேயே ஒரு கூட்டம் கூடுமாறு ஐயா பணித்தார். நான் கொப்பியைத் தேடினேன். யூலிற்றாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பகிடி விட்டது காணும். போங்கோ," என்றாள்.

போனோம்.

நீச்சல் எழுநூற்றைம்பது மீற்றர். ஆவணி மாதத்தில் அந்தக் களப்பில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராது என்பது எங்கள் ஊர்க் கோழிக்கும் தெரியும். ஆனால் தூரத்தை வரைபடத்தில் அளந்தவர்கள் ஆழத்தை அளக்கவில்லை. நாங்கள் நடந்தோம். "நடக்கக்கூடாது, நீந்துங்கோ," என்று ஐயா கரையிலிருந்து ஒலிபெருக்கியில் கட்டளையிட்டார். ஆகவே சேற்றில் குப்புறப் படுத்து, கைகளை வீசிக்கொண்டு ஊர்ந்தோம். எனக்கு அருகில் ஊர்ந்தவர் தர்மபுரத்துக் கச்சான் கடலைத் தோட்டக்காரர் ராசு. அவர் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து குடியேறியது. அவருக்கு நீச்சலே தெரியாது.

"ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லண்ணே," என்றார், வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு. "இதுதான் நீச்சல்னா முன்னமே சொல்லியிருக்கலாமே."

அடுத்தது முல்லைத்தீவு வரை சைக்கிள். இருபது கிலோமீற்றர். அளம்பிலைத் தாண்டும்போது எனக்கு முன்னால் ஒன்பது பேர் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் ராசு மட்டும். என் பின் ரயரின் வலை நூல் அவிழத் தொடங்கியது. கொஞ்சத் தூரத்தில் அது சில்லு முழுவதும் சுற்றிக்கொண்டு சைக்கிள் நின்றுவிட்டது. ரயர் கிடைக்க ரயர் வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

ராசு என்னைக் கடந்து போனார். பிறகு பிறேக் பிடித்தார்.

"ஏறுங்கண்ணே."

"இது போட்டி ராசு. நீங்கள் போங்கோ."

"போட்டிதான். அதுக்காக நடு ரோட்டுல விட்டுட்டுப் போறதா? ஏறுங்க."

இது பாரதூரமான விதிமீறல். ஆனால் ரயர் போய் நிற்பவனைக் கடந்து போவது வன்னியில் அதைவிடப் பெரிய மீறல். நான் சிக்கிய நூலை அறுத்தெறிந்துவிட்டுக் கரியரில் ஏறி, என் சைக்கிளை ஒரு கையால் பிடித்து உருட்டிக்கொண்டே போனேன். வழியில் முன்னணி வீரர்கள் ஒவ்வொருவராகத் தென்பட்டார்கள். டிலக்ஸன் அரிசி மூட்டையோடு நின்ற மாமியை ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் போனான். வின்சன் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்களும் வழியில் கண்ட தெரிந்தவர்களை ஏற்றி, இறக்கி, சுகம் விசாரித்துக்கொண்டு நின்றார்கள். இப்படியாக நாங்கள் முதலிடத்துக்கு வந்தோம்.

முல்லைத்தீவில் நடுவர் முத்துலிங்கம் மாஸ்டர் சஞ்சிகைத் தாளை விரித்து நீண்ட நேரம் பார்த்தார்.

"இந்தப் படத்தில டபிள் வாறது இல்லையே."

"வரக்கூடாதெண்டும் இல்லையே, மாஸ்டர்."

"அதுவும் சரிதான். ஓடுங்கோ."

கடைசி ஓட்டம் வற்றாப்பளை அம்மன் கோயில் வாசல் வரை. ஐந்து கிலோமீற்றர் என்று விதியில் இருந்தது. கோயிலைக் கிட்டக் கொண்டுவர முடியாதபடியால் கூடுதலாக ஓடினோம். இனி எங்களில் ஒருவருக்குத்தான் ரயர். இவ்வளவு தூரம் என்னை ஏற்றிவந்த மனிதரை முந்தவும் மனம் வரவில்லை. யூலிற்றாவை நினைத்தால் பிந்தவும் முடியவில்லை. மூச்சு வாங்க வாங்கக் கேட்டேன்:

"ராசு, உங்களுக்கு எந்த ரயர் தேஞ்சு போச்சுது?"

"முன்னுக்கு. உங்களுக்கு?"

"பின்னுக்கு."

ராசு ஓட்டத்தைக் குறைத்தார்.

"ஒரு சோடின்னா ரெண்டுதானே அண்ணே," என்றார் ராசு.

கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஒன்றாகக் கோயில் வாசலைத் தொட்டோம். ஐயாவோடும் மற்றவர்களோடும் உழவு இயந்திரப் பெட்டியில் முன்னரே வந்துசேர்ந்திருந்த யூலிற்றா தன் சீலைத் தலைப்பால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் கலியாணத்தன்றும் இருந்ததில்லை. இதை அவளுக்குச் சொல்லவில்லை.

பரிசளிப்பு. கடதாசி சுற்றிய பொதியை ஐயா இரண்டு கையாலும் தந்தார். ராசு பிரித்தார். உள்ளே இரண்டு ரயர்கள் இருந்தன. வழுக்கைத் தலை போல மினுமினுத்தன. ஒன்றில் நூல் தெரிந்தது. மற்றதில் ஓர் ஓட்டை. ராசு அதற்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது புது ரயர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றாள் யூலிற்றா.

"புதுசாத்தான் இருந்தது பிள்ளை," என்றார் ஐயா, கொஞ்சமும் கலங்காமல். "கூட்டம் மட்டும் பதினெட்டு. தர்மபுரத்துக்கு மட்டும் அஞ்சு தரம் போனனான். என்ர ரயர் அவ்வளவு தூரத்துக்குத் தாங்குமே? எல்லாம் இந்தப் போட்டிக்காகத்தானே."

ஐயா என் பக்கம் திரும்பி, விழா இனிதே நிறைவெய்தியதாகக் குறிப்பெழுதச் சொன்னார். கொப்பியை எடுத்தேன். கை சேறாக இருந்தது; மனம் கோபமாக இருந்தது. ஆனாலும் குறிப்பாளன் என்றால் உள்ளதைத்தான் எழுதவேண்டும். எழுதினேன்:

'மூன்றுவகைப் போட்டியில் ஆகக்கூடிய தூரம் ஓடியவர் செயலாளர் மயில்வாகனம் ஐயா. அவருக்குரிய பரிசு, போட்டி தொடங்க முன்னரே அவரால் அவருக்கு வழங்கப்பட்டுவிட்டது.'