கறுப்புத் திட்டு விசாரணை

கபாசோ சிபோயாவுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அவரே இடைமறித்து முதலிலிருந்து தொடங்குவார்.

முதலாவது, சுரங்கத்தில் கொடுத்த ரப்பர் பூட்ஸ். இரண்டும் இடது கால். கேட்டதற்கு, பூமிக்கடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் மேலாளர். இரண்டாவது, அந்தப் பூட்ஸுக்காக அவர் வேலைநிறுத்தம் நடத்தி வென்ற பிறகு, புதிய பூட்ஸ் வழங்கும் விழாவில் மாலையோடு மேடையில் உட்கார்ந்தவர் வேறொருவர். மூன்றாவது, சுரங்கம் கைமாறியபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் முதல் ஆள் அவர். வயது வரிசை என்றார்கள். அவரைவிட மூத்தவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். நான்காவது, குழாயில் வெறும் காற்று வந்த மாதங்களுக்கும் தண்ணீர்க் கட்டணம். ஐந்தாவது, தொலைக்காட்சி.

முதல் நான்கிலும் அவர் தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஐந்தாவதில் அதுவும் நடக்காது என்று கிட்வே நகரத்துச் சிம்வெம்வே குடியிருப்பு முழுவதும் அறிய அவர் சபதம் செய்திருந்தார்.

தொலைக்காட்சி அவர் மனைவி லவ்னெஸ் கோழி விற்றுச் சீட்டுப் போட்டு வாங்கியது. முன்பிருந்த பழைய பெட்டி இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். அதன் கண்ணாடியில் தேங்காய் உடைத்திருக்கலாம். புதியது தோசைக்கல் போல மெலிசு. பகலில் அதன்மேல் லவ்னெஸ் பூப்போட்ட துணியைப் போர்த்தி வைப்பாள். ஒரு வருட வாரன்டி. பாதி வருடம்கூட ஆகவில்லை. ஒரு நாள் திரையின் நடுவில் வேர்க்கடலை அளவு கறுப்புத் திட்டு ஒன்று தோன்றியது. அடுத்த வாரம் அது முட்டையானது. அதிலிருந்து பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கோடுகள் கீழே இறங்கின. சத்தம் மட்டும் நன்றாக வந்தது. செய்தியில் பொய்யைக் கேட்க முடிந்தது, பொய்யனைப் பார்க்க முடியவில்லை என்றார் கபாசோ.

பழுதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். ஒயர்களைப் பிடுங்கி மாற்றிச் செருகினார். தகரக் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார். கீழே லவ்னெஸ் திரையைப் பார்த்துச் சொன்னாள்; மூத்த பிள்ளையின் பெயரை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"இப்ப?"

"அப்படியேதான் இருக்கு."

"இப்ப?"

"அது அப்படியேதான் இருக்கு, கசுபா அப்பா. கூரைதான் முன்ன மாதிரி இல்ல. இறங்கி வாங்க."

இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னார். மின்சாரம் போய்ப் போய் வருகிறதல்லவா, வரும்போது முரட்டுத்தனமாக வந்து அடித்துவிட்டது. ஆகவே குற்றவாளிகள் இரண்டு பேர்: மின்சாரக்காரன், அதைத் தாங்காத பெட்டியை விற்ற கடைக்காரன்.

கடைக்குத் தூக்கிப்போன பெட்டியின் திரையைக் கடை மேலாளர் பார்த்தார். துணியால் மூடினார். வெளியிலிருந்து அழுத்தியிருக்கிறார்கள், வாரன்டியில் வராது என்றார். வாழ்நாள் முழுக்க அழுத்தப்பட்டவனிடமே அழுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறாயா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார் கபாசோ. மறுநாளே மின்கம்பங்களில் சுவரொட்டி ஏறியது. இந்தக் கடையில் யாரும் ஒரு பல்புகூட வாங்கக் கூடாது. கடை வாசலில் நின்று ஒலிபெருக்கி இல்லாமல் பேசினார். அந்தக் காலத்தில் சுரங்க வாசலில் அவர் பேசினால் தூக்குக் கூண்டில் இறங்கிக் கீழே போனவர்களுக்கும் கேட்கும் என்பார்கள். பேசும்போது வலது கை ஆள்காட்டி விரல் முன்னால் நீளும். பாறை துளைத்துப் பருத்த விரல். அது தன்னை நோக்கி நீண்டதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்த அதிகாரிகள் உண்டு.

அந்த வாரம் கடையில் பல்பு விற்கவில்லை. ஆகவே மேலாளர் தன் மெக்கானிக் ஜேரேயை அனுப்பிவைத்தார். ஜேரே நிகோனி இனத்தவன், கபாசோ பெம்பா. இந்த இரண்டு இனத்தாரும் ஒருவரையொருவர் எவ்வளவு கேவலமாகக் கிண்டல் செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது பழைய வழக்கம். அனுப்பிய மேலாளர் விவரமானவர்.

"என்ன மச்சான், குரங்குக் கறி சாப்பிட்ட கையோட திரையத் தொட்டியா?"

"எலி திங்கறவனெல்லாம் எங்க வீட்டுப் பழுதப் பாக்க வந்துட்டான். எலி திரைக்குள்ள இல்லடா, உங்க கடையில உக்காந்திருக்கு."

ஜேரே சிரித்துக்கொண்டே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். மேல்பக்கம் கீறல் இல்லை. உள்ளே சிலந்தி வலை போல விரிசல். நடுவில் ஒரே புள்ளி. மின்சாரம் அடித்தால் போர்டுதான் சாகும், திரை முழுக்க இருட்டாகும், இப்படி ஓரிடத்தில் குத்தாது என்றான். யாரோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்கள். பிறகு மேலாளர் சொல்லி அனுப்பியதைச் சொன்னான். போர்டு செத்த இதே மாதிரிப் பெட்டி ஒன்று கடையில் கிடக்கிறது. அதன் நல்ல திரையை இதற்கு இலவசமாக மாட்டித் தருவார்கள். ஒரே நிபந்தனை: இது வீட்டில் நடந்த சேதம் என்று வீட்டார் ஒப்புக்கொள்ள வேண்டும், சுவரொட்டிகள் இறங்க வேண்டும்.

லவ்னெஸ் கணவரைப் பார்த்தாள். அவளுக்கு அந்தத் திரை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொடரில் கல்யாணம் நடக்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் மூன்று வாரமாகத் தவிக்கிறாள்.

"ஒப்புக்கிட்டா என்ன? புதுத் திரை வருது."

"செய்யாத குத்தத்த ஒப்புக்கிட்டா லஞ்சம் வாங்கித் தின்னுட்டான்னு பேராயிடும். இந்த வீட்டுல யாரு அழுத்தினது? நானா?" கொஞ்சம் யோசித்தார். "ஒருவேளை நீ துடைக்கும்போது அழுத்தியிருப்பே. பாத்திரம் தேய்க்கிற கை."

லவ்னெஸ் பூப்போட்ட துணியை எடுத்துத் திரையை மூடினாள். ஜேரே டார்ச்சை அணைத்தான். அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "அப்ப விசாரணை வைங்க. முறைப்படி. சாட்சிகளோட."

விசாரணை என்ற சொல்லைக் கேட்டதும் கபாசோவின் முதுகு நிமிர்ந்தது. அவர் விசாரணை நடத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டுப் பழைய சுரங்கத் தோழர் கடோங்கோவைக் கூப்பிட்டு, அங்கேயே விதிகளைச் சொல்லி எழுத வைத்தார். தலைவர், கபாசோ. செயலாளர், கடோங்கோ. குற்றவாளி வெளியாள் என்றால் போராட்டம் தொடரும். வீட்டாள் என்றால் அந்த ஆளின் பெயரைச் சாட்சிகள் முன்னால் தலைவரே எழுந்து நின்று உரக்க வாசிப்பார். அந்த ஆள் கடைக்குப் போய், ஊர் வழக்கப்படி குனிந்து, கைதட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி ரிமோட்டைத் தொடக் கூடாது. கடைசி விதியைச் சொல்லும்போது மனைவியை இரக்கத்தோடு பார்த்தார். சனிக்கிழமை காலை என்று நாள் குறித்தார்.

"காலையில நம்ம பக்கம் கரன்ட் இருக்காது," என்றாள் லவ்னெஸ். "சாட்சிப் பொருள இருட்டுலயா காட்டுவீங்க? சாயங்காலம் வைங்க."

நியாயமான திருத்தம். ஏற்றுக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை முன்னறை நிரம்பியது. சுவரொட்டியைப் படித்தவர்கள், படிக்காதவர்கள், தேவாலயத்திலிருந்து நேராக வந்த பெண்கள். லவ்னெஸ் எல்லாருக்கும் வறுத்த கடலையும் முன்கோயோ என்ற சோளப் பானமும் கொடுத்தாள். பின்வரிசையில் ஜேரே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தான். கபாசோ எழுந்தார். முதல் அநீதியிலிருந்து தொடங்கினார். இடது பூட்ஸ் முடிந்து, மேடையும் முடிந்து, மூன்றாவதுக்கு வந்து, சுரங்கம் கைமாறிய கதையில் அவர் குரல் ஏறிய இடத்தில் லவ்னெஸ் கைதூக்கினாள்.

"தலைவரே, மணி ஏழாகப் போகுது. கரன்ட் எப்பப் போகும்னு தெரியாது. சாட்சிப் பொருளப் போட்டுக் காட்டிடலாமா?"

போடு என்று கையசைத்தார். அவள் துணியை விலக்கிப் பெட்டியைப் போட்டாள். கூடம் முழுக்கக் கறுப்புத் திட்டைப் பார்த்து உச்சுக்கொட்டியது. ஏழு மணிச் செய்தி தொடங்கியது. கழுத்துப்பட்டை கட்டிய சுரங்க அதிகாரி ஒருவர் வந்தார். திட்டுக்குப் பின்னால் அவர் வாய் மறைந்திருந்தது, குரல் மட்டும் தெளிவாக வந்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் எல்லாரும் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்றது அந்தக் குரல்.

கபாசோ அப்போது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தார். எப்படி அந்தப் பக்கம் போனார் என்று அவருக்கே தெரியாது. விரல் நீண்டது.

"மனநிறைவா? என் பூட்ஸக் கேளுடா. என் தண்ணிக் குழாயக் கேளு. உன்ன..." ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் திரையில் குத்தியது. குத்திய இடம் அதிகாரியின் வாய். வாய் இருந்த இடம் கறுப்புத் திட்டு. திட்டின் ஓரத்திலிருந்து புத்தம் புதிய நீலக்கோடு ஒன்று மெல்லக் கீழே இறங்கியது.

கூடத்தில் கடலை கொறிக்கும் சத்தம் நின்றது.

"கசுபா அப்பா," என்றாள் லவ்னெஸ், "விரல எடுக்காதீங்க. அப்படியே இருங்க. செயலாளர் எழுதிக்கட்டும்."

ஜேரே எழுந்து வந்து டார்ச் அடித்தான். விரலைப் பார்த்தான், திட்டைப் பார்த்தான். கிண்டல் செய்யும் உரிமை இருந்தும் ஒன்றும் சொல்லவில்லை. கபாசோவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"பழைய பெட்டியில இருவது வருசமா குத்தினேன். அது தாங்குச்சு," என்றார் அவர்.

"தெரியும். தினமும் ஏழு மணிக்குப் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சதின்னு சொல்லுவீங்க. இப்ப சாட்சி இருக்கு."

கடோங்கோ காகிதத்தை நீட்டினார். பெயரைச் செயலாளர் வாசிப்பதுதான் மரபு என்று கபாசோ தாழ்ந்த குரலில் ஒரு ஆட்சேபணை எழுப்பினார். தலைவரே வாசிக்க வேண்டும் என்று தலைவரே விதி செய்திருப்பதைக் கடோங்கோ வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். லவ்னெஸ் ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கபாசோ கண்ணாடி போட்டார். தொண்டையைச் செருமினார். வாசித்தார்.

"பின்னாடி கேக்கல தலைவரே," என்றது தேவாலயப் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

அவர் மறுபடி வாசித்தார், உரக்க: "கபாசோ சிபோயா."