அமாவாசைப் பூசணிக்காய் குறித்து மாப்பிள்ளைக்கு விளக்கம்

பொன்னமராவதி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை, வழக்கறிஞர் வெற்றிசெல்வன் அவர்களுக்கு மாமனார் ராசு எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை பரிமளாவும் இரும்புக்கடையும் சுகம். அங்கு தாங்களும் மகள் ஹரிணியும் சுகமாக இருக்க ஐயனார் பார்த்துக்கொள்வார். போனில் பேசினால் தாங்கள் பாதியிலேயே "மாமா, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று வைத்துவிடுவதால் கடிதமாக எழுதுகிறேன்.

எதிர்க்கடை டைலர் ஆண்டிச்சாமி அண்ணன் நம் கடை வாசலில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததற்கு நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும், தாங்கள் அதற்குப் பதில் தயாரித்ததும் தெரிந்ததே. அமாவாசைக்கு எல்லாக் கடையிலும்தான் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கிறார்கள், அவரை வழுக்கிவிட்டது எங்கள் காய்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை, கீழே பார்த்து நடக்காதது அவருடைய கவனக்குறைவு என்று தாங்கள் எழுதியதைப் படித்ததும், அன்னைக்கு நான் காய் உடைச்சேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பெருமையா இருந்துச்சு மாப்பிள்ளை.

அவரைப் பார்க்கக் கூடாது, வருத்தம் தெரிவிக்கக் கூடாது என்று தாங்கள் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தேன். ஆனா பாருங்க, இங்கிட்டு ஆணி வாங்க வர்றவங்க கூட "அண்ணனைப் போயி விசாரிச்சீங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் வெலையே கேக்குறாங்க. டீக்கடைக்காரர் பழக்கத்துல இன்னமும் ரெண்டு டீ குடுத்து விடுறாரு. அண்ணனோட டீ எதுக்க ஆறிப்போய் நிக்கையில எனக்கு என் டீ எறங்கல. அவர் இல்லாம கடையில ஒக்கார முடியல மாப்பிள்ளை, அதான் நெசம்.

அதனால ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொஞ்சம் சாத்துக்குடியும் வாங்கிக்கிட்டு, வாசல்லயே நின்னு ஒடம்பை மட்டும் விசாரிச்சிட்டுத் திரும்பிரணும்னுதான் போனேன். அவர் கட்டுப்போட்ட காலைத் தலையணையில வச்சுக்கிட்டு, "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா ராசு"ன்னாரு. "வக்கீல் போகக்கூடாதுன்னுட்டாருண்ணே"ன்னேன். "எங்க வக்கீலும் ஒன்கூடப் பேச்சு வச்சுக்காதன்னுதான் சொல்லிருக்காரு, உள்ள வா"ன்னாரு. அதுக்கப்புறம் எப்படி மாப்பிள்ளை பேசாம இருக்கிறது? "என் காய்தாண்ணே. திருஷ்டி கழிச்சதைச் சொந்தக் கையால அள்ளக்கூடாதுன்னு அப்படியே விட்டுட்டேன், தப்பு என்னோடதுதான்"னுட்டேன். அவங்க வக்கீலோட குமாஸ்தா அங்கிட்டு மூலையில ஒக்காந்திருந்தாரு. நல்ல மனுசன். நான் சொன்னதைப் பொறுமையா எழுதிக் கையெழுத்துக் கேட்டாரு. வீடு தேடிப் போயிட்டு மாட்டேன்னா சொல்ல முடியும்? போட்டுட்டேன்.

ஆகவே தங்கள் பதிலை அனுப்ப வேண்டாம். அவருடைய ஆஸ்பத்திரிச் செலவையும் தையல் நின்றுபோன நஷ்டத்தையும் நாமே கொடுத்துவிடுவோம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து பிழைக்கிற எங்களுக்கு நடுவில் கோர்ட்டு வேண்டாம். தாங்கள் கோபிக்காமல், ஹரிணியையும் கோபிக்க விடாமல், தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
மாமனார் ராசு

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட அண்ணன் வீட்டு வழியாகத்தான் போனேன். அவர் கால் சீக்கிரம் கூடணும்னு அவங்க வீட்டம்மா வாசல்ல பூசணிக்காய் ஒடச்சிருக்காங்க. அவங்களும் அள்ளல. இப்போ நானும் கட்டுப்போட்டுப் படுத்துக்கிட்டுத்தான் இதை எழுதுறேன். மேலே எழுதியதெல்லாம் ரத்து. அண்ணன் நமக்கு அனுப்பின நோட்டீஸ்ல வாசகம் நல்லா அமைஞ்சிருக்கு, பேரை மட்டும் மாத்தி அவருக்கே அனுப்பிருங்க. ஆனா ஒண்ணும் அவசரமில்ல. ஊன்றுகோலை ஊனிக்கிட்டு நாளைக்கு என்னையப் பாக்க வாரேன்னு சொல்லிவிட்டிருக்காரு, டீயும் ரெண்டு சொல்லி வச்சிருக்கேன். நோட்டீஸ் முந்திக்கிட்டா அவங்க வக்கீல் வர விடமாட்டாரு.