பதினொரு மணிக்கு ஒளிரும் சாயம்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்கு அது என்று கேட்காதீர்கள். நாட்டில் இருப்பதற்கே பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது.

அதில் ஒளியியல் கூடம் ஒன்று. கூடம் என்றால் குகைதான். வெளிச்சம் நுழையாதபடி வாசலில் கறுப்புத் திரை தொங்கும். உள்ளே, கரடி சாரிடம் ஒரு தேவாங்கு ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. கரியை மூலமாக வைத்துக் காய்ச்சிய ஒரு சாயத்தை, கண்ணாடித் துண்டில் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகப் பூச வேண்டும். அதில் மின்சாரம் விட்டால் வெளிச்சம் வர வேண்டும். ஆராய்ச்சி அவ்வளவுதான். நாலு வருஷம் பூசியது, துடைத்தது, மறுபடி பூசியது. வெளிச்சம் மட்டும் வரவில்லை. அதற்குள் அதன் கூடப்பிறந்தவையெல்லாம் பேரப்பிள்ளை எடுத்துவிட்டன.

ஐந்தாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, ஒளி அளக்கும் கருவியின் முள் துள்ளிக்கொண்டு போய்த் தொண்ணூற்றில் நின்றது.

கரடி சார் தேவாங்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். இதழுக்குக் கட்டுரை போனது. அதன்பிறகு பார்த்தால், தினமும் பதினொரு மணிக்குத்தான் முள் எழுகிறது. மழைநாளில் அசையவே மாட்டேன் என்கிறது.

"ஈரக்காத்து பட்டா சாயம் சோர்ந்துபோகுது" என்றார் கரடி சார். அதற்கு ஒரு கட்டுரை. "காலையில அதுக்கு உடனே சூடு பிடிக்காது, பதினொண்ணு ஆகணும்." அதற்கு இன்னொரு கட்டுரை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முதல் நாள், கூடப் படிக்கும் முள்ளம்பன்றி திரைப் பக்கம் போய் நின்றது.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க. எலி கடிச்சிருக்கு."

கொண்டைக்கடலை அளவு ஓட்டை. பதினொரு மணிக்கு வெயில் அதன் வழியாக நேரே வந்து, கருவியின் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

இந்த மாதத்தோடு தேவாங்கின் பதிவுக் காலம் முடிகிறது. நாளைக்குப் பட்டம் இல்லையென்றால் வெறுங்கையோடு மரம் ஏற வேண்டியதுதான். இருந்தாலும் மனசு கேட்காமல் சாரிடம் போய்ச் சொன்னது.

"அடைச்சிட்டியா?" என்றார் கரடி சார்.

"இல்லைங்க சார்."

"நல்ல பிள்ளை. நம்ம கணக்கு இன்னும் மூணு காட்டுல அப்படியே வந்திருக்கு, தெரியுமில்ல?"

"மூணு காட்டுலயும் எலி இருக்குங்க சார்."

தேன் வாங்க மறந்துவிட்டது என்று கரடி சார் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் தேர்வு எடுக்கப் பக்கத்துக் காட்டிலிருந்து நாரை மேடம் வந்தார். பட்டம் கொடுப்பதும் கெடுப்பதும் அவர் கையில். தேவாங்கு உண்மையைக் கொட்டிவிட்டது. ஓட்டையை முள்ளம்பன்றி தன் முள்ளாலேயே காலையில் தைத்துவிட்டதையும் சொன்னது.

நாரை மேடம் கழுத்தை நீட்டினார். "என்னம்மா உளறுறே? எங்க கூடத்துல நூத்திப்பத்து வருது!"

"உங்க திரையில ஓட்டை எவ்ளோ பெருசு மேடம்?" என்றது முள்ளம்பன்றி.

மேடத்துக்கு இருமல் வந்தது. கரடி சார் தண்ணீர் கொடுத்தார்.

"சரி, போட்டுக் காட்டு" என்றார் மேடம்.

மணி பதினொன்று. கும்மிருட்டு. தேவாங்கு மின்சாரம் விட்டது. கண்ணாடியையே பார்த்தது. அதன் கண்தான் பெரிய கண்ணாயிற்றே. ஓரத்தில், பச்சைப்பயறு நிறத்தில், ஒரு துளி வெளிச்சம். வெயில் இல்லை, வேறெதுவும் இல்லை. சாயமே ஒளிர்ந்தது.

"எரியுது மேடம்! நிஜமாவே எரியுது!" என்று கத்தியது தேவாங்கு.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. முள்ளு எங்க நிக்குது?"

"அரைப் புள்ளியில மேடம்."

"முன்னாடி?"

"தொண்ணூறு."

நாரை மேடம் கரடி சாரைப் பார்த்தார். கரடி சார் நாரை மேடத்தைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் உண்மை புலப்பட்டது.

"தையல் போட்டதுல கருவி கெட்டுப்போச்சு. பிரிங்க" என்றார் மேடம்.

முள்ளம்பன்றி அசையவில்லை. "அக்கா, வேண்டாம்க்கா. இது நெசமான வெளிச்சம்."

தேவாங்கு அந்தப் பச்சைத் துளியை இன்னொரு தரம் பார்த்தது. ஐந்து வருஷத்தையும் நினைத்தது. பிறகு திரைக்குப் போய், தையல் நூலைத் தன் பல்லாலேயே கடித்து அறுத்தது.

வெயில் பாய்ந்தது. முள் தொண்ணூற்றுக்கு ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வெயிலில் பச்சைத் துளி இருந்ததா இல்லையா என்று தேவாங்குக்கே தெரியவில்லை.

அன்றைக்கே அது டாக்டர் தேவாங்கு ஆனது. கருவியைக் கெடுத்ததற்காக முள்ளம்பன்றியிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள், மூன்று பிரதிகளில்.

நீதி: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதே உயர்கல்வி.