பேய்க்கு ஒரு வாஷர்

கட்டுரை, பிளம்பரின் பைக்குள்ளிருந்து சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

அவருடைய மனைவி பத்து நாளாக அடித்துத் திருத்தி எழுதியது அது. பழைய பேய்க்கதை ஒன்றின் நாயகனான மாளிகைக்காரரைப் பற்றிய அலசல். இன்று நூலக வாசகர் வட்டத்தில் படிக்க வேண்டும். காலையில் பார்த்தால் அவளுக்குத் தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. "நீங்க படிச்சிடுங்க" என்று சைகையிலேயே அனுப்பிவைத்தாள். போகிற வழியில் 'சின்ன வேலைதானே' என்று ஒரு வீட்டில் வால்வைத் திறந்தார். பை குளித்துவிட்டது.

அந்த வீட்டிலேயே இஸ்திரிப் பெட்டி வாங்கித் தேய்த்தார். ஈரம் போனது, எழுத்தும் கருகிப் போனது. மனைவிக்குப் போன் போட்டார்.

"முக்கியமானதை மட்டும் சொல்லு!"

"ஹ்ஹ்... ஹ்ஹ்..."

"பேயா? பேய்தான் முக்கியமா?"

"ஹ்ஹ்!" போன் துண்டிக்கப்பட்டது.

நூலகத்தில் முப்பது பேர். முன்வரிசையில், மகளின் கட்டுரையைக் கேட்க வந்திருந்த மாமியார். தலைவரான பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்குப் படிக்கலேன்னா, வருஷத் தொகுப்புல அவங்க கட்டுரை வராது."

பிளம்பர் எழுந்தார். கதை தெரியும், மனைவி சொல்லியிருக்கிறாள். அலசத்தான் தெரியாது. தெரிந்ததைச் சொன்னார்.

"சுவத்துக்குள்ள டொக் டொக்னு சத்தம். அது குழாய்ல காத்து அடைச்சா வர்றது. விடிய விடிய முனகலா? வாஷர் தேஞ்சு போச்சு. சுவத்துல பொம்பளை உருவமா ஈரம்? மாடி பாத்ரூம் ஒழுகுதுங்க!"

சிரிப்பு வெடித்தது. பேராசிரியர் முகம் சுளித்தார். "நாயகனோட குணத்தைக் கேட்டா, குழாயோட குணத்தைச் சொல்றீங்களே?"

பிளம்பருக்குச் சுருக்கென்றது. மாமியார் முன்னாலேயா!

"அதுக்குத்தாங்க வரேன். நாலு தடவை பேயோட்டியைக் கூப்பிட்டவரு, ஒரு தடவை குழாய்க்காரனைக் கூப்பிட்டாரா? சம்சாரம் முதல் நாளே 'ஒழுகுது'ன்னு சொன்னாங்க. இவ சொல்லி நான் எழுந்திருக்கணுமான்னு உட்கார்ந்துட்டாரு. பன்னெண்டு வருஷமா வீடு அழுதுது. மனுஷன் நாற்காலியை விட்டு அசையலை. அந்த வீட்டுல பேயே இல்லீங்க. வீம்பும் சோம்பேறித்தனமும்தான் குடியிருந்துது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பேராசிரியரே இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இருபது வருஷமா இந்தக் கதையைப் பாடம் நடத்தினேன், எனக்குத் தோணலையே! தொகுப்புல முதல் கட்டுரையே உங்க வீட்டோடதுதான்."

பிளம்பர் அரையடி வளர்ந்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி மாமியாரைப் பார்த்தார். அந்த அம்மாள் ஆனந்தக் கண்ணீரைத் துடைத்தபடி எழுந்தாள்.

"பிரமாதம் மாப்பிள்ளை! உங்க வீட்டுக் குளியலறைக் குழாய் மூணு வருஷமா அழுதுக்கிட்டிருக்கே, அதுக்கு நான் யாரைக் கூப்பிடட்டும், பேயோட்டியையா?"