எடை கூடினாலும் ஒரே மூட்டையாக அனுப்பவும்

சிரஞ்சீவி மகனுக்கு,

உன் அப்பா எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அம்மாவும் சுகம். முதியோர் இல்லத்தில் உன் பெரியம்மாவும், கண்ணைத் தவிர மற்றபடி சுகம். அவ்விடம் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். சுகமில்லாதது நீ அனுப்பிய புரோகிராம் ஒன்றுதான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், கூடவே வேறு எதையோ தட்டுகிற சத்தமும் கேட்கிறது. கடிதத்துக்கு நடுவில் யாரும் "சரிப்பா" சொல்ல முடியாது.

முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். உன் அம்மாவின் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரலை எடுத்துவிட்டார்கள். உன் பெரியம்மாவுக்கு அதற்கு முன்பே பார்வை போய்விட்டது. தங்கையால் எழுதிக் காட்டத்தான் முடியும், அக்காவால் காதால் கேட்கத்தான் முடியும். பார்த்த இடத்தில் எல்லாம் நின்று பேசி, பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பேருக்கு இந்த நிலைமை. நீ முன்யோசனையாக ஆபரேஷனுக்கு முன்பே அம்மாவை உட்காரவைத்து, பேப்பரையும் மருந்துச் சீட்டையும் நாள் கணக்கில் படிக்கவைத்துப் பதிவு செய்துகொண்டாய். நடுநடுவே அவள் என்னைத் திட்டியதையும் சேர்த்தே பதிவு செய்தாய். டைப் அடித்தால் அவள் குரலிலேயே பேசுகிற புரோகிராம் ஒன்றையும் எழுதினாய். அதில் எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. லீவில் நீ வந்திருந்தபோது அவள் உன் லேப்டாப்பில் எதையோ தட்டினாள். நான் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "காபி ஆறிப்போச்சு, இன்னும் எத்தனை தடவை கூப்பிடறது?" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அரை வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டில் என்னை ஒருவர் அதட்டினார். என் கண்ணில் தண்ணீர் வந்ததாக நீ உன் நண்பர்களிடம் சொன்னாயாம். அது பேப்பர் தூசி.

திட்டம் மிகச் சுலபமானது. பெரியம்மா இருக்கிற இல்லத்து அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மேலாளர் தங்கமான மனிதர், தாராளமாகப் போட்டுப் பாருங்கள் என்றார். ஆனால் அங்கிருப்பவர்களின் வியாதி விவரமெல்லாம் அதற்குள் இருப்பதால் இன்டர்நெட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார். ஆகவே என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நாம்தான் கையோடு கொண்டுபோக வேண்டும். அங்கே ஓடுவதை என் கண்ணால் பார்த்துவிட்டால் நம் வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிடுவேன். போனை அதன் பக்கத்தில் வைத்துவிட்டால் அக்காவும் தங்கையும் இருந்த இடத்திலிருந்தே இஷ்டத்துக்குப் பேசிக்கொள்ளலாம். வாராவாரம் இரண்டு பஸ் மாறி, எலும்பு கழன்று அங்கே போய்ச் சேருகிற வேலையும் அன்றோடு ஒழியும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பார்க்கலாமே என்று நீ சொன்னாய். காலம் முழுக்கப் பார்சல் ஆபீசில் எடை போட்டவன் நான். பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் என்னிடம் கிடையாது.

முதல் தடவை நடந்ததை நான் மறைக்கவில்லை. நீ ஊருக்குக் கிளம்புகிற அன்று குளித்துக்கொண்டிருந்தாய். உன்னைத் தொந்தரவு செய்வானேன் என்று, திரையில் இருந்த அந்தப் புரோகிராமின் படத்தை நானே பிடித்து இழுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. கொசு எடைகூட இல்லை. என் பையன் எவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறான் பார் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். நானும் உன் அம்மாவும் இல்லத்துக்குப் போனதும் மேலாளர் அதைத் திறந்தார், கம்ப்யூட்டர் எதையோ காணோம் என்றது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், நீங்க கொண்டுவந்தது வாசல்ல மாட்டியிருக்கிற பேர்ப் பலகை. வீடு உங்க பையன்கிட்டயே இருக்கு" என்றார். "என்ன தம்பி, பேசறாளா?" என்று உன் பெரியம்மா, எனக்கு அண்ணி, ஆவலாகக் கேட்கிறார். "பலகை வந்திருக்கு அண்ணி, வீடு பின்னாடி வருது" என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம் நீயே பென் டிரைவில் போட்டு முறைப்படி பார்சலில் அனுப்பினாய். பொட்டலம் கட்டிய விதம் பிரமாதம், மூலையெல்லாம் மடித்து ஒட்டியிருந்தாய், அதை மட்டும் பாராட்டுகிறேன். உள்ளே இருந்ததுதான் சரியில்லை. உன் புரோகிராமை ஓட்ட இன்னொரு புரோகிராம் வேண்டுமாம். அது அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. அதை அடுத்த வாரம் தருவித்தால், சத்தம் எழுப்ப அதற்கு ஒரு துணை வேண்டுமாம். அந்தத் துணைக்கு ஒரு துணை, அதுவும் பழைய துணைதான் வேண்டும், புதிய துணை வந்தால் இது ஒத்துக்கொள்ளாது. அவர் வந்தால் நான் வரமாட்டேன் என்கிற சொந்தக்காரர்கள் நம் குடும்பத்திலேயே தேவைக்கு மேல் இருக்கிறார்கள், நீ வேறு கம்ப்யூட்டருக்குள் உண்டாக்க வேண்டியதில்லை. போனில் உன்னைக் கேட்டால், "என் மெஷின்ல ஓடுதேப்பா" என்றாய். "ரொம்ப சந்தோஷம்டா, அப்ப உன் மெஷினையே பார்சல் பண்ணு, நீயும் அது மேல ஏறி உக்காந்துக்கோ" என்று நான் சொன்னதில் என்ன தப்பு? சைக்கிளை அனுப்பிவிட்டு, பெடல் அங்கேயே கிடைக்கும் என்று விட்டுவிடுகிற ஆசாமிகளை நான் பார்சல் ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே ஒருவனை வளர்த்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

மூன்றாவதாக வந்ததுதான் அந்த ஃபோல்டர். வேண்டியது, வேண்டியதற்கு வேண்டியது எல்லாம் இதிலேயே இருக்கு, அப்படியே வைங்கப்பா, தொடாதீங்க என்று நீ சொன்னது வாஸ்தவம். நானும் தொடுகிற எண்ணத்தில் திறக்கவில்லை, எண்ணிக்கை சரியா என்று பார்க்கத்தான் திறந்தேன். எதிர்வீட்டுப் பல் டாக்டரின் கம்ப்யூட்டரில், நோயாளி இல்லாத நேரமாகப் பார்த்துத் திறந்தேன். எறும்புப் புற்றைக் கிளறிய மாதிரி ஃபைல் வருகிறது வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. ஒரே பெயரில் நாலு இடத்தில் நாலு. நம் வம்சத்தில் யாருக்கும் தெரியாத பாஷைகளுக்கெல்லாம் தனித்தனி ஃபோல்டர். சோதனைக்கு வைத்தது என்று அதிலேயே எழுதியிருக்கிற சாமான் வேறு, சோதித்து முடித்த பிறகு அது எதற்கு? கை சும்மா இருக்குமா எனக்கு? அதிக எடை ஏற்ற விடமாட்டேன் என்று பெரிய பெரிய ஆட்களையே கவுன்டரில் நிறுத்திப் பெட்டியைத் திறக்கவைத்தவன். இரட்டையாக இருந்ததில் ஒன்றைக் கழித்தேன், பாஷைகளைக் கழித்தேன். பல் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நான்கூட ஆடற பல்லைத்தான் பிடுங்குவேன், நீங்க ஆடாததையும் சேர்த்துப் பிடுங்கறீங்களே" என்றார். அவருக்குத் தொழில் பொறாமை. கடைசியில் கழிக்க ஒரே ஒரு ஃபைல் பாக்கி. மற்றதெல்லாம் சேர்ந்தாலும் அதன் கால்பங்கு எடை வராது, பெயரோ வெறும் எழுத்தும் எண்ணும். எங்கள் கவுன்டருக்கு வந்திருந்தால் உள்ளே என்ன பாறாங்கல்லா என்று கேட்டிருப்போம். அதையும் எடுத்துக் கடாசினேன். பென் டிரைவ் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

இல்லத்துக்குப் போய்ப் போட்டால், நீ நம்ப மாட்டாய், ஓடிவிட்டது! மேலாளர் கைதட்டினார். அண்ணியை நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தோம். உன் அம்மா டைப் அடித்தாள். உள்ளேயிருந்து கட்டைக் குரலில் ஒரு ஆள், ரயில் தாமதத்தை அறிவிக்கிற மாதிரி, "அக்கா. நான்தான் வந்திருக்கிறேன். நன்றாகத் தூங்கினாயா" என்று கேட்கிறான். அண்ணி சட்டென்று நிமிர்ந்து, "யாருப்பா நீ?" என்றார். அவன், "உன் தங்கை" என்கிறான். "தம்பி! எவனோ உள்ள வந்து என் தங்கச்சிங்கறான், முதல்ல அவனை வெளிய அனுப்புங்க!" என்று அண்ணி போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து நர்ஸ் ஓடிவந்துவிட்டாள். நான் அவசரத்தில் கம்ப்யூட்டரின் ஒயரையே பிடுங்கினேன், அதில் மேலாளரின் வேலை ஏதோ அழிந்துபோனதாம், அது தனிக் கதை.

குரல் கிடைக்காவிட்டால் வேறு எதையாவது வைத்து ஒப்பேற்றிக்கொள் என்று நீயே அதில் எழுதியிருந்தாயாமே. அன்றைக்கு போனில் நான் நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பெரிய ஃபைலா? அதுதாம்ப்பா அம்மா" என்றாய். "எடை ஜாஸ்தியா இருந்துதுடா" என்றேன். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் எடையைப் பற்றித்தான் இருந்தது. ஆனாலும் குற்றம் உன்னுடையதுதான். அதன் பெயரை அம்மா என்று வைத்திருந்தால் நான் கை வைத்திருப்பேனா?

இதில் என் மனசை அறுப்பது வேறொன்று. ஒவ்வொரு தடவையும் நானும் மேலாளரும் அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அக்காவும் தங்கையும் மூலை நாற்காலியில் கையோடு கை சேர்த்து வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணிக்காவது வாய் இருக்கிறது, அவரும் பேசுவதில்லை. தங்கச்சியால் முடியாததை நான் மட்டும் செய்வானேன் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. சில சமயம் இரண்டு பேருக்கும் தோள் குலுங்குகிறது. அழுகையை அடக்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே இனிமேல் துண்டு துண்டா எதுவும் அனுப்பாதே. எல்லாத்தையும் சேர்த்து ஒரே ஃபைலா கட்டித் தர முடியும், ஆனா ரொம்பப் பெருசா இருக்கும், திறக்கவும் நேரமாகும்னு போன வாரம் நீ சொன்னியே, அதையே செய். எடை எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. இந்த வாக்கியத்தை என் பழைய ஆபீஸ்காரர்கள் யாரிடமும் காட்டாதே. திறக்க நேரமானால் ஆகட்டும், உன் அம்மாவும் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் பெருமூச்சு விடுகிறவள்தான். குரல், துணை, துணைக்குத் துணை, தெரியாத பாஷை எல்லாம் உள்ளேயே கிடக்கட்டும். வாயைத் தைத்து அரக்கு வைத்த மூட்டை மாதிரி இருக்கணும், முக்கியமா என்னால பிரிக்க முடியாத மாதிரி இருக்கணும். ஒண்ணுகூட வெளியில நிக்கக் கூடாது. ஒரே தட்டு, அவ பேசணும். அவ்வளவுதான்டா நான் கேக்கறது. சீக்கிரம் அனுப்பு. அந்தப் பஸ்ஸில் இன்னொரு தடவை ஏற என் முதுகு சம்மதிக்காது, அதைவிட அவர்கள் இரண்டு பேரும் அப்படிப் பேச்சற்று உட்கார்ந்திருப்பதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

வேறு விசேஷமில்லை. பல் டாக்டர் உன்னை விசாரித்தார். மேலாளர் என்னை விசாரிப்பதை நிறுத்திவிட்டார். நீ எதிலும் குறைவில்லாமல், யாரையும் எதிர்பார்த்து நிற்காமல், நீண்ட ஆயுசோடு நன்றாயிருக்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கண்ணா, அம்மா எழுதறேன். உறையை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்துட்டு அவர் பல் டாக்டர் வீட்டுக்குப் போயிருக்கார், அதுக்குள்ள எழுதிடறேன். நாங்க வாயடைச்சு உக்காந்திருக்கலை. முதல் நாள் அந்தப் பலகை வந்துதே, அன்னைக்கே அக்கா என் கையைப் பிடிச்சு இழுத்து, அவ உள்ளங்கையில என் விரலை வச்சா. ஒவ்வொரு எழுத்தா எழுதினேன். புரிஞ்சுது. அவளுக்குப் பேச வாய் இருந்தும் ஏன் திருப்பி என் கையில எழுதறான்னா, நாங்க பேசறது பூரா உங்கப்பாவையும் அவர் வீட்டு ஆளுங்களையும் பத்தி, அவரோ ரெண்டடி தள்ளி நிக்கறார். தோள் குலுங்கறது அழுகையாம்! அந்த ஆம்பளைக் குரல் வந்த அன்னைக்குச் சிரிச்சதுல எனக்கு இன்னும் விலா வலிக்குது. இவ்வளவு வருஷத்துல நானும் அவளும் இப்படிப் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, நிதானமா, முழுசாப் பேசினதே இல்லைடா. உன் புரோகிராம் ஓடிட்டா அன்னைக்கோட பஸ் கிடையாதுன்னு அவரே எழுதியிருக்கார் பாரு. குரல் போன்ல போகும், கை போகுமா? அதனால நல்லாவே கட்டு, அப்பா சொன்ன மாதிரியே ஒரே மூட்டையா கட்டு, ஆனா வாராவாரம் ஒரே ஒரு சாமானை மட்டும் உள்ள வைக்க மறந்துடு. எதை விடறதுங்கறது உன் இஷ்டம், சின்னதா விடு, பெருசா இருந்தா அவர் எடையிலயே கண்டுபிடிச்சுடுவார். என் குரல் உன்கிட்டயே பத்திரமா இருக்கட்டும். லீவுல வரும்போது உன் லேப்டாப்பைக் கொண்டுவா, பாவம் உங்கப்பா, ஒரு நாள் முழுக்க உக்காரவச்சு ஆசை தீரத் திட்டறேன். இப்போதைக்கு அவசரம் வேண்டாம், உன் அத்தை கதையே இன்னும் பாதிதான் ஆகியிருக்கு.