அன்னலீஸ் அத்தைக்கு நேர்ந்த கிடாய்

அவனியாபுரம், மதுரை.
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மூத்த மச்சான் போதகர் வெள்ளைத்துரை அவர்களுக்கு, தங்கள் தங்கை தமிழ்வாணியின் கணவன் அசோக்குமார் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் போதகரிடம் பொய் சொல்லக்கூடாது. ஜெர்மனிக் குளிரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். யாரை வேண்டுகிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். படித்ததும் எரித்துவிடவும்.

வாட்ஸப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன வருடம் டாக்டருக்கு அனுப்ப வேண்டிய என் மூல உபாதையை நம் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். அறுபத்தொரு பேர் மூன்று நாடுகளில் அதற்காக ஜெபித்தார்கள். இந்த விஷயம் அப்படிப் போய்விட்டால் நான் வீட்டை விட்டே ஓட வேண்டியதுதான்.

உங்கள் அம்மாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்து நான்கு வயதில் ஜெர்மனியிலிருந்து உசிலம்பட்டிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து, ஞானமுத்து வாத்தியாரைக் கட்டிக்கொண்டு, பதினொரு பிள்ளை பெற்று, ஒரு நாளும் காலை ஆறு மணி ஜெபத்தைத் தவற விடாதவர். பிள்ளைகளாகிய உங்களுக்கு அவர் தாய். மருமகனாகிய எனக்கு அவர் செக்கிங் இன்ஸ்பெக்டர். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து எத்தனையோ டிரைவர்களை நடுங்க வைத்தவன் நான். அத்தை வீட்டுக்குள் ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு நுழைய நேர்ந்தால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வருவேன். பிள்ளை, மருமக்கள், பேரன், பேத்தி எல்லோரையும் உயர வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவார். பிறகு ஜெர்மன் பாட்டு. அதன் அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது, தெரியாது என்று சொல்லும் தைரியமும் ஒருவருக்கும் கிடையாது.

தமிழ்வாணியைக் கட்டுவதற்காக நான் ஞானஸ்நானம் வாங்கிய அன்று, தலை ஈரம் காய்வதற்குள் அத்தை என்னைத் தனியே அழைத்தார்.

"மாப்ள, இனிமே கருப்பசாமி முனியாண்டின்னு எங்கயும் நேந்துக்கிறக் கூடாது. வாயால சொல்லு."

"நேந்துக்க மாட்டேன் அத்தை."

அந்தச் சொல்லை இருபத்தாறு வருடம் காப்பாற்றினேன் மச்சான். இருபத்தேழாவது வருடம்தான் வழுக்கிவிட்டது.

நாலு வருடத்துக்கு முன் அத்தைக்கு நெஞ்சு சளி முற்றி ஐசியூவில் கிடந்தது நினைவிருக்கும். நீங்கள் விமானம் கிடைக்காமல் தவித்தீர்கள். இனி எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வராந்தாவில் குடும்பமே முழங்காலில் நின்றது. தமிழ்வாணி அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. டீ குடிக்கிற சாக்கில் வெளியே வந்தேன். வந்தவன் வாய், என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "கருப்பா, எங்கத்தைய எந்திரிக்க வையி. கருங்கெடா வெட்டுறேன்."

மறுநாள் காலை சரியாக ஆறு மணிக்கு அத்தை கண் திறந்தார். ஜெபத்துக்கு யார் வரவில்லை என்று கேட்டார். அன்று பிடித்த பயம்தான்.

கிடாய் வெட்டினால் அத்தைக்குத் தெரிந்துவிடும், வெட்டாவிட்டால் கருப்பனுக்குத் தெரிந்துவிடும். நாளை, மறுநாள் என்று தள்ளிப்போட்டே மூன்று வருடம் ஓடியது. அதற்குள் என் பைக் இரண்டு முறை சறுக்கியது. போர்வெல் மோட்டார் எரிந்தது, புதிதாகப் போட்டதும் எரிந்தது. குளியலறையில் பாம்பு வந்தது, அதுவும் நான் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது. போன வருடம் அத்தை காலமான பிறகு நிலைமை இன்னும் மோசம். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் கருப்பன்தான் என்று ஒரு தெளிவாவது இருந்தது. இப்போது ராத்தூக்கத்தில் கால் சுளுக்கினால்கூட அது மேலேயிருந்து அத்தையின் வேலையா, கீழேயிருந்து கருப்பனின் வேலையா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்கிறேன். கடைசியில் மகன் அருண்பாண்டிக்குக் கல்யாணம் மூன்றாவது தடவையாகத் தட்டிப்போனதும், இனி தாங்காது என்று உசிலம்பட்டிப் பக்கத்து எங்கள் ஊருக்குப் போய், கருப்பன் கோயில் பூசாரி பேயாண்டியைப் பார்த்தேன்.

போன ஞாயிறு விடியுமுன் அவன் கிடாயை வெட்டிக் கொடுத்துவிட்டு, கத்தியைக் கழுவிக்கொண்டே ஒரு குண்டைப் போட்டான்.

"அண்ணே, யாருக்காக நேந்தீகளோ அவுக வகையறா அம்புட்டுப் பேரு வாயிலயும் ஒரு துண்டாவது படணும். மூத்த ஆம்பளப்புள்ள கட்டாயம். இல்லேன்னா கெடா செத்ததுதான் மிச்சம்."

மச்சான், அன்றைக்கே அத்தையின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்தில் நீங்கள் வீடியோவில் பார்த்தீர்களே, ஐம்பத்தெட்டு பேர் வரிசையாக உட்கார்ந்து மட்டன் குழம்பு சாப்பிட்டார்களே, அதுதான் இது. சமையல்காரரைப் போனில் பிடித்து, கறியை நானே கொண்டுவந்து தருகிறேன் என்றபோது, மருமகன் என்ன பொறுப்பு என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். சபைப் போதகர் அந்தக் குழம்பின் மேல் கை நீட்டிப் பத்து நிமிடம் ஸ்தோத்திரம் சொன்னார். உங்கள் தம்பி மகள் ஆர்த்திகா வேறு, "மாமா, கறி பஞ்சா இருக்கு, எந்தக் கடை?" என்று சபை நடுவில் கேட்டாள். "உசிலம்பட்டிப் பக்கம்" என்றேன். அது பொய்யில்லை. தமிழ்வாணி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தபோதுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள் அம்மாவுக்குத் தப்பாத மகள். தெரிந்தால் சண்டை போட மாட்டாள், பேசுவதை நிறுத்திவிடுவாள். அவள் பேசாத வீட்டில் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தெரியாமல் சாப்பிட்டால் பாவம் சாப்பிட்டவருக்கா, போட்டவனுக்கா? இதை நம் சபையில் கேட்க முடியாது, அதனால் தங்களிடம் கேட்கிறேன். எல்லாம் எனக்குத்தான் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஐம்பத்தெட்டால் பெருக்குவார்களா என்பதை மட்டும் தெரிவிக்கவும்.

இனி முக்கிய விஷயம். வகையறாவில் மூத்த ஆண்பிள்ளை தாங்கள்தான். ஆகவே ஒரு தொடைச் சந்துக் கறியை ஒதுக்கி, உப்பும் மஞ்சளும் தடவி, மொட்டை மாடியில் காக்காய் விரட்டி நானே நாலு நாள் காயவைத்து உப்புக்கண்டம் போட்டு இத்துடன் பார்சலில் வைத்திருக்கிறேன். மேலே சுக்கு என்று எழுதியிருக்கிறேன். தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டால் இந்தத் தங்கை புருஷன் பிழைத்துக்கொள்வான். ஜெபித்துவிட்டே சாப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தரின் சமாதானம் தங்கள் வீட்டில் தங்கட்டும். என் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லவும்.

தங்கள் தாழ்மையுள்ள,
அசோக்குமார்

பின்குறிப்பு: பார்சலைத் தைக்கப் போகும்போது பேயாண்டி வந்தான், கிடாய்த் தோலை விற்ற சேதி சொல்ல. தபாலில் போகிற துண்டு கணக்கில் சேருமா என்று அவனிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"அதுக்கு அவசியமில்லண்ணே. ஒங்க நேர்த்தி நாலு வருசத்துக்கு முன்னாடியே தீந்துபோச்சு. ஒங்கத்தை ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுமாசமே ஆட்டோ புடிச்சு, கெடாவோட வந்தாக. கோயில் எல்லைக்கல்லுக்கு அங்கிட்டே நின்னுக்கிட்டாக, உள்ள வரல, கும்புடல. 'எங்க மாப்ள ஏதோ நேந்திருக்கான். வாயத் தொறந்து சொல்ல மாட்டான், ஆனா அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியும். எனக்கும் பயந்து, சாமிக்கும் பயந்து செத்துருவான். எனக்காக நேந்த சொல்லு பாக்கி நின்னு அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் தாங்க மாட்டேன்'னு சொன்னாக."

"ஏன்டா இம்புட்டு நாளும் சொல்லல? ஞாயித்துக்கிழமை எதுக்குடா வெட்டுன?"

"சத்தியம் வாங்கிட்டாகண்ணே. 'அவனா வந்து சொன்ன சொல்லக் காப்பாத்துற வரைக்கும் மூச்சு விடாத'ன்னு. ஜெர்மன்காரம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டு மீற முடியுமா? அதான் வழக்கப்படி வெட்டி, வழக்கப்படி சொல்லி, ஒங்க பந்தி முடியட்டும்னு இருந்தேன்."

மச்சான், அவன் போன பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடம் நான் அவருக்குப் பயந்தது ஊருக்கே தெரியும். அவர் எனக்காகப் பயந்தது எனக்கே தெரியாமல் போய்விட்டது. தன் வேதத்துக்கு விரோதம் என்று தெரிந்தும் அந்த எல்லைக்கல் வரை போயிருக்கிறார்.

உப்புக்கண்டத்தை எடுத்துவிட்டேன். தாங்கள் எதையும் சாப்பிட வேண்டாம். கடிதத்தை எரிக்கவும் வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். முதலில் தமிழ்வாணி படிக்கட்டும், அதன் பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். அடுப்படியில்தான் இருக்கிறாள். கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.