நாற்பத்திரண்டு கன்னடப் பிள்ளைகள்

“கன்னடம் பேசுகிற பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று பெங்களூரிலிருந்து தொலைபேசியில் கேட்ட பெண்ணுக்கு, “நாற்பத்திரண்டு” என்று பிரவீனா பதில் சொன்னபோது உண்மையான எண்ணிக்கை ஏழு.

அவள் பொய் சொல்லிப் பழகியவள் அல்லள். ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிகள் செய்யும் ஆலையொன்றில் பதினோரு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகராக இருப்பவள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவாள். ஆனால் பெங்களூர்ப் பெண் விதியை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள். பொம்மையைப் பேசவைக்கும் பிங்கி அங்கிள் தங்கள் சிறுவர் ஊழியத்தின் கன்னடப் பிரிவைச் சேர்ந்தவர். கன்னடம் பேசும் பிள்ளைகள் நாற்பது பேருக்குக் குறையாத முகாமுக்குத்தான் அவரை அனுப்புவார்கள். சரியாக நாற்பது என்றால் சந்தேகம் வரும் என்பதால், பிரவீனா இரண்டைச் சேர்த்துக்கொண்டாள்.

பிங்கி என்பது ஒரு பொம்மை. அங்கிளின் மடியில் உட்கார்ந்துகொண்டு, அவர் உதடு அசையாமலே பேசும், பாடும், அவரையே கிண்டல் செய்யும். சென்ற மே மாதம் பக்கத்துத் தெருக் கன்னடச் சபைக்கு அது வந்திருந்தபோது, பிரவீனாவின் மகள் ஷைனி உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளங்களுடன் வீட்டில் படுத்திருந்தாள். ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் சன்னல் வழியே வந்தது. மூன்று நாள் அழுதாள். “அடுத்த வருஷம் நம்ம சபைக்கே பிங்கி வரும், உனக்குக் கை குடுக்கும்” என்று அம்மா சத்தியம் செய்துகொடுத்தாள். ஒரு வருடமாக ஷைனி நாள்காட்டியில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வந்தாள்.

“என்னளா சொல்லுத? ஏழு பிள்ளைய வச்சிக்கிட்டு நாப்பத்திரண்டுன்னு சொன்னியா?” என்றான் கணவன் ஜெயசிங். முதல் ஷிப்டு முடித்துவந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

“இன்னும் பத்து நாள் இருக்குல்லா அத்தான். அதுக்குள்ள நாப்பத்திரண்டு ஆயிட்டா அது பொய்யே இல்ல. கொஞ்சம் முன்னாடியே சொன்ன உண்மை.”

“ஒங்க கம்பெனியிலயும் இப்படித்தான் சர்டிபிகேட் குடுக்கியளா?”

முகாமுக்காக ஆலையில் விடுப்பு எடுத்திருந்தவளுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து நாத்தனாரின் இரண்டு பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திறங்கியிருந்தார்கள். குளியலறைக் கதவு பூட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, எல்லோரும் வி.பி.எஸ். என்று அழைக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்க வேண்டும். மே மாதத் திருமணங்களுக்காகப் போதகர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததால், ஆலயத்தின் சாவிக்கொத்தையும் முழுப் பொறுப்பையும் அவள் கையில் கொடுத்திருந்தார்.

மூக்கண்டப்பள்ளியில் அந்த ஆலயத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, விருதுநகர்ப் பக்கமிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள். அப்பா ஒரு ஷிப்டு, அம்மா ஒரு ஷிப்டு என்று போய்விடுவதால், சாமி எதுவாயினும் பிள்ளைகள் முகாமுக்கு வந்துவிடுவார்கள். முதல் நாள் அறுபத்தெட்டுப் பேர் வந்தார்கள். பிரவீனா அவர்களைத் தமிழ் வகுப்பு, கன்னட வகுப்பு என்று பிரித்தாள். கன்னட வகுப்பில் ஏழு பேர் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் அவள் ஓர் அறிவிப்பு வெளியிட்டாள்.

“கன்னட வகுப்புக்கு மட்டும் இனிமே மசால் போண்டா. தமிழ் வகுப்புக்கு எப்பவும்போல பிஸ்கட்டு.”

மூன்றாம் நாள் கன்னட வகுப்பில் அறுபத்தொரு பேர் இருந்தார்கள்.

“பாத்தியளா அத்தான்? நாப்பத்திரண்டு கேட்டா அறுபத்தொண்ணு!” என்று தொலைபேசியில் மகிழ்ந்தாள்.

“அதுல எத்தன பேருக்குக் கன்னடம் வரும்?”

பிரவீனா போய்ப் பார்த்தாள். ஒருவருக்கும் வராது. போண்டாவுக்காக விழுந்தடித்து வந்த கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல், கன்னடம் பேசும் ஏழு பேரும் எழுந்து தமிழ் வகுப்புக்குப் போய்விட்டிருந்தார்கள். அங்கே மின்விசிறிக்கு அடியில் இடமும், ஆளுக்கு ஒரு முழுப் பாக்கெட் பிஸ்கட்டும் கிடைத்தன.

“எனக்கு இந்த ஏழு பேரே போதுங்க்கா, தங்கமான பிள்ளைங்க” என்றாள் தமிழ் வகுப்பு ஆசிரியை சரிதா. “கன்னடத்துல பேசிக்கிட்டு அமைதியா இருக்குதுங்க.”

ஆக, தமிழ் வகுப்பில் கன்னடப் பிள்ளைகளும், கன்னட வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். வகுப்புகளின் பெயர்ப் பலகைகளை மாற்றி மாட்டினால் ஒழுங்கு வந்துவிடும். எண்ணிக்கை மட்டும் மறுபடி ஏழாகிவிடும். பிரவீனா வேறு வழியைத் தேர்ந்தாள். வருகிறவர்களுக்குக் கன்னடம் தெரியவில்லை என்றால் கற்றுக்கொடுத்துவிடுவது.

ஆலயத்தின் காவலாளி ராமப்பன் தாமாகவே முன்வந்தார்.

“இருபத்தெட்டு வருஷம் அத்திப்பள்ளி லைன்ல கண்டக்டரும்மா நானு. கன்னடம் நமக்குத் தண்ணி பட்ட பாடு. ஏழே நாள்ல பேச வச்சிர்றேன் பாரு.”

அவர் சொன்னதைச் செய்தார். ஐந்தாம் நாள் மாலை, பார்வதி என்ற தாய் முகாம் வாசலில் வந்து நின்றாள்.

“ஏங்க்கா, என்னதான் சொல்லிக்குடுக்கறீங்க? எம் பொண்ணு வீட்டுக்குள்ள நடக்கவே விடமாட்டேங்கிறா. குறுக்க போனா ‘முந்தே ஹோகி, முந்தே ஹோகி’ங்கிறா. நேத்து அவங்கப்பா வண்டியை விட்டு எறங்குனா, கதவுல ரெண்டு தட்டுத் தட்டி ‘ரைட் ரைட்’டுங்கிறா!”

“அது... முன்னேறிப் போகணும்னு அர்த்தங்க்கா. வேதத்துலயும் அதைத்தான் சொல்லியிருக்கு” என்றாள் பிரவீனா.

ராமப்பனின் கன்னடம் முழுவதும் பேருந்துக்குள் அடங்கியிருந்தது என்பதை அவள் அப்போதுதான் கண்டுகொண்டாள். முன்னே போ, இறங்கு, ஏறு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டாதே என்பவற்றைத் தாண்டி ஒரு சொல்லும் அவர் கற்பிக்கவில்லை. அந்தச் சொற்களை அறுபத்தொரு பிள்ளைகளும் மிகச் சிறந்த உச்சரிப்புடன் கற்றிருந்தார்கள்.

ஆறாம் நாள் பெங்களூர்ப் பெண் மீண்டும் அழைத்தாள். பிள்ளைகள் கன்னடத்தில் பாடுவதை ஒரு வீடியோவாக அனுப்ப வேண்டுமாம். பிரவீனா ஒரு கன்னடப் பாட்டைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதி, கேமராவுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுபத்தொரு பிள்ளைகளும் போண்டாவை நினைத்து உருகிப் பாடினார்கள்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. “அற்புதம்! இவ்வளவு உற்சாகத்தை நாங்கள் பெங்களூரிலேயே பார்த்ததில்லை. பிங்கி அங்கிள் ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் இருப்பார். பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேச ஆசைப்படுகிறார்.”

பிரவீனா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உண்மையச் சொல்லிரு பிள்ள” என்றான் ஜெயசிங்.

“சொல்லிருவேன். ஷைனிகிட்ட நீங்க சொல்லிருவியளா?”

ஷைனி அடுத்த அறையில் பிங்கிக்குக் கொடுக்கப்போகும் கையை மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெயசிங் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.

இனி ஆலையின் முறைதான் கைகொடுக்கும் என்று பிரவீனா முடிவு செய்தாள். ஆலையில் நூறு பேர் வேலை செய்தாலும் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு லைன் லீடருக்குத் தெரிந்தால் போதும். அதன்படி ஏழு வரிசைகள். வரிசைக்கு ஒரு கன்னடப் பிள்ளை. தலையில் மஞ்சள் தொப்பி. தொப்பி சிரித்தால் வரிசை சிரிக்க வேண்டும். தொப்பி தலையாட்டினால் வரிசை ‘ஹௌது’ என்று கத்த வேண்டும், அது ஆமாம். தொப்பி மறுத்து அசைந்தால் ‘இல்லா’. தனியாக மாட்டிக்கொண்டவர்கள் ‘கொத்தில்லா’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குத் தெரியாது என்று பொருள். அது ஒன்றுதான் அங்கே உண்மையும் கூட.

ஏழு பேரின் சார்பில் சுப்ரியா என்ற பதினொரு வயதுச் சிறுமி பேச்சுவார்த்தைக்கு வந்தாள்.

“ஆளுக்கு நாலு மாம்பழம் ஆன்ட்டி. செந்தூரா. பெங்களூராவைக் குடுத்து ஏமாத்தக் கூடாது.”

“ரெண்டு.”

“அப்ப நாங்க தமிழ் வகுப்புலயே இருந்துக்கறோம். மிஸ் நல்லாப் பாத்துக்கறாங்க.”

“சரி, நாலு.”

பத்தாம் நாள் காலை, ஆலயச் சுவர்களில் தமிழில் எழுதியிருந்த வசனங்கள் அனைத்தின் மீதும் பிரவீனாவின் வீட்டுப் படுக்கை விரிப்புகள் தொங்கின. ஆலய வளாகத்துக்குள் தமிழ் தடை செய்யப்பட்டிருந்தது. நாத்தனார் பிள்ளைகள் இருவரும், வாயைத் திறந்தால் நாசரேத் வெளிப்பட்டுவிடும் என்பதால், ஆளுக்கொரு ஐஸ்குச்சியுடன் கடைசி வரிசையில் உட்காரவைக்கப்பட்டார்கள்.

பத்தரை மணிக்குக் கார் வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க, உருண்டை முகமுள்ள ஒருவர், ஒரு பெட்டியைக் குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். ராமப்பன் சல்யூட் அடித்தார்.

“பன்னி, பன்னி! முந்தே ஹோகி!”

கன்னடத்தில் ‘பன்னி’ என்றால் வாருங்கள். வந்தவர் சற்றுத் தயங்கி, முன்னே போனார். உள்ளே நுழைந்ததும் படுக்கை விரிப்புகளை ஒரு கணம் நின்று பார்த்தார். ஒரு விரிப்பில் பெரிய மயில் இருந்தது. பிறகு மேடைக்குப் போனார்.

பெட்டி திறந்தது. இரட்டைச் சடையும் சிவப்புக் கவுனுமாகப் பிங்கி வெளியே வந்து, கண்ணை உருட்டி, கன்னடத்தில் என்னவோ சொன்னது. ஏழு மஞ்சள் தொப்பிகளும் குலுங்கின. அரை வினாடி கழித்து அறுபத்தொரு பிள்ளைகளும் கூரை அதிரச் சிரித்தார்கள். பிங்கி பாடியது, தும்மியது, அங்கிளின் மூக்கைக் கடித்தது. பாதி நேரம் பிள்ளைகள் தொப்பிக்கு முன்பே சிரித்துவிட்டார்கள். மூக்கைக் கடிப்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தூணுக்குப் பின்னால் நின்ற பிரவீனா, பத்து நாளில் முதன்முறையாக மூச்சை முழுதாக விட்டாள்.

அப்போது பிங்கி அங்கிள் பேச்சை நிறுத்தினார். பொம்மையைத் தாழ்த்தினார். கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில், இங்கே யாருக்காவது தமிழ் வருமா என்று கன்னடத்தில் கேட்டார்.

பிரவீனாவுக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் ‘தமிளு’ என்ற சொல் புரிந்தது. சோதனை! பெங்களூர் ஆபீசின் திடீர்ச் சோதனை! தூணுக்குப் பின்னாலிருந்து சுப்ரியாவைப் பார்த்துத் தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டினாள். ஏழு தொப்பிகளும் அசைந்தன.

“இல்லா!” என்று அறுபத்தொரு குரல்கள் ஆலயத்தை நிரப்பின.

“ஒப்பரிகூ பரல்வா?” என்று அவர் மறுபடி கேட்டார். ஒருவருக்குமே வராதா என்று அதற்குப் பொருள்.

“இல்லா! இல்லா!”

அவர் தலையாட்டிக்கொண்டார். பிரவீனா நெற்றி வியர்வையைத் துடைத்தாள். சோதனையில் தேறிவிட்டோம்.

அடுத்து அவர் பிங்கியை உயர்த்தி, அதன் சின்ன விரலால் ஒரு குழந்தையைச் சுட்டிக்காட்டி மேடைக்கு அழைத்தார். அறுபத்தெட்டுப் பிள்ளைகளில் அந்த விரல் தேர்ந்தெடுத்தது ஷைனியை. இத்தனைக்கும் காரணமான ஷைனிக்கு, பேருந்துச் சொற்களை விட்டால், கன்னடத்தில் பதிலாகச் சொல்லத் தெரிந்தது ஒரே சொல்.

ஷைனி மேடையேறினாள். கண்கள் பிங்கியை விட்டு அகலவில்லை. பிங்கி கையை நீட்டியது. ஷைனி அதை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

“நின் ஹெசரேனு?” என்று பிங்கி பெயரைக் கேட்டது.

“கொத்தில்லா” என்றாள் ஷைனி, பரவசத்துடன்.

பெயர் தெரியாதா? பிங்கி வாயைப் பிளந்தது. வயது என்ன என்று கேட்டது.

“கொத்தில்லா.”

அம்மா யார்?

“கொத்தில்லா!”

தூணுக்குப் பின்னால் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தொப்பிகள் உண்மையாகவே விழுந்து விழுந்து சிரித்தன. பிங்கி அங்கிளைத் திரும்பிப் பார்த்து, உனக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டது. அவரும் “கொத்தில்லா” என்றார். பிறகு பிங்கியும் ஷைனியும் அங்கிளும் கைகோத்துக்கொண்டு ‘கொத்தில்லா, கொத்தில்லா’ என்று மெட்டுப் போட்டுப் பாட, அறுபத்தொரு பேரும் எழுந்து ஆட, ராமப்பன் வாசலில் நின்று விசில் ஊதினார். அங்கிள் சிரித்துச் சிரித்துக் கைக்குட்டையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் பிங்கி ஷைனியின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தது. அந்தக் கன்னத்தை ஒரு வாரத்துக்குக் கழுவப்போவதில்லை என்று ஷைனி அங்கேயே தீர்மானித்துவிட்டது அவள் முகத்தில் தெரிந்தது.

எல்லாம் முடிந்தது. அங்கிள் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார். பிரவீனா தெரிந்த இரண்டு கன்னடச் சொற்களில் நன்றி சொல்லிவிட்டு, பின்பக்கம் முத்துமணி போண்டா சுடும் சட்டியருகே ஓடினாள்.

“முத்துமணி, எண்ணெய் இப்படிப் புகையுதே, அடுப்பை அணைக்கக் கூடாதா? அந்த மாம்பழப் பெட்டியை யாரு வெயில்ல வச்சது?”

“அக்கா! நீங்க தமிழா?”

திரும்பினாள். கையில் பாதிப் போண்டாவுடன் கார் ஓட்டுநர் மூர்த்தி நின்றுகொண்டிருந்தான்.

“கொஞ்சம்... கொஞ்சமா வரும்” என்றாள் பிரவீனா, திடுக்கிட்டு. “ஏன், நிகழ்ச்சி சாருக்குப் பிடிக்கலையா?”

“பிடிக்காம என்னங்க்கா, பிள்ளைங்க தங்கம். சாருதான் பாவம்.” மூர்த்தி காரின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அவரு நம்ம கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரூர்க்காரரு, தமிழரு. இருபது வருஷமா கன்னடப் பிரிவுலயே மாட்டிக்கிட்டாரு. பிங்கியை ஒரே ஒரு தடவை தமிழ்ல பேச வச்சிடணும்னு ஆபீஸ்ல சண்டை போட்டு இந்த ஓசூரைக் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. இங்க பாத்தா, ஒரு பிள்ளைக்குக்கூடத் தமிழ் வராதாமே!”